பொதட்டூர்பேட்டையிலிருந்து கடலுக்கு வழி

உங்கள் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று என்றாவது கணக்குப் பார்த்ததுண்டா?

திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பொதட்டூர்பேட்டை. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும் ஊர். சுற்றிலும் குன்றுகள். பாதி வீடுகளில் தெலுங்கு, பாதி வீடுகளில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும். வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தால், இந்த ஊருக்கும் எண்ணூர்க் கடற்கரைக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் இருக்கும். ஊரில் கடலைப் பற்றிப் பேச்சு வருவது, பள்ளிச் சுற்றுலாவில் மெரினா போய் வந்த பிள்ளைகள் காலில் ஒட்டிய மணலோடு வீடு திரும்பும்போதுதான்.

இந்த ஊரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்து பி.எஸ்சி. இயற்பியல் படித்த ஒரு மாணவி, சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி மாதத்தில் என் அறை வாசலில் வந்து நின்றாள். மூன்றாம் ஆண்டு. கையில் மடித்த காகிதம் ஒன்று. உள்ளே வரச் சொன்னேன். வந்தும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"சார், மீன் படிப்புக்கு நான் போட முடியுமா? எனக்குப் பயாலஜி கிடையாதே?"

"மீன் படிப்பு ஏம்மா?"

"மீன் இல்ல சார். கடல். ஆனா கடல் படிக்கணும்னா மீன் படிப்புதான்னு எல்லாரும் சொல்றாங்க."

எல்லாரும் என்றால் யார் யார் என்று நான் கேட்கவில்லை. ஏனென்றால் அந்த 'எல்லாரில்' ஒரு காலத்தில் நானும் இருந்தேன்.

மீன் மட்டுமா கடல்?

மீன்வளப் படிப்பு என்பது உண்மையிலேயே தனி வழி. பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்கள் நான்காண்டு மீன்வள அறிவியல் பட்டப்படிப்பில் சேருகிறார்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-ல் தொடங்கியது. நல்ல படிப்பு. ஆனால் கடலை அறியும் விஞ்ஞானம் அதோடு முடிந்துவிடுவதில்லை. கடல்நீர் ஏன் ஓடுகிறது, எவ்வளவு சூட்டைச் சேர்த்து வைக்கிறது, அலை எங்கே பிறந்து எங்கே சாகிறது என்று கேட்பது இயற்பியல் கடலியல். நீரில் கரைந்திருப்பவை எவை என்று கேட்பது வேதிக் கடலியல். அடித்தரையைப் பற்றிக் கேட்பது கடல் நிலவியலும் புவி இயற்பியலும். உயிர்களைப் பற்றிக் கேட்பது கடல் உயிரியல். நான்கு வாசல்கள், நான்குக்கும் நான்கு வெவ்வேறு பி.எஸ்சி.கள்.

2004 டிசம்பர் 26 காலை இந்திய நேரப்படி 6 மணி 29 நிமிடத்துக்கு சுமத்ரா அருகே கடலடி நிலநடுக்கம் நிகழ்ந்தது. சுனாமி நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் கடற்கரை மக்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. சுனாமியின் வேகத்தைக் கணக்கிடுவது அவ்வளவு கடினமா? இல்லவே இல்லை. கடலின் ஆழத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். ஆழம் 3,000 மீட்டர் என்றால் 9.8 பெருக்கல் 3,000 என்பது 29,400. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 171. அதாவது நொடிக்கு 171 மீட்டர். மணிக்கு 600 கிலோமீட்டருக்கும் மேல். பிளஸ் ஒன் மாணவர் ஒருவர் ஒரு நிமிடத்தில் போடும் கணக்கு இது. கணக்குத் தெரிந்திருந்தது, கடலடி அழுத்தத்தை அளந்து உடனே செய்தி அனுப்பும் கருவிகளும், அதைப் படித்து முடிவெடுக்கும் ஆட்களும்தான் நம் பக்கத்தில் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-ல் தொடங்கப்பட்டது. அங்கே தேவைப்படுவது மீன் பிடிக்கத் தெரிந்தவர்கள் அல்லர். அலைச் சமன்பாடு தெரிந்தவர்கள்.

இன்னொரு கணக்கு. நீருக்குள் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று படித்திருப்பீர்கள். 6,000 மீட்டர் இறங்கினால்? ஏறத்தாழ 600 மடங்கு. உள்ளங்கை அளவு இடத்தில், சுமார் 100 சதுர சென்டிமீட்டரில், 60 டன் எடை ஏறி உட்கார்ந்தது போல. அந்த ஆழத்துக்கு மூன்று பேரை அழைத்துச் செல்லத்தான் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் 'மத்ஸ்யா 6000' என்ற மூழ்குகலத்தை உருவாக்கி வருகிறது. ஆட்கள் உட்காரும் உருண்டை 2.1 மீட்டர் விட்டம் கொண்ட டைட்டேனியக் கலவையால் ஆனது. உருண்டை ஏன், பெட்டி ஏன் இல்லை? இதை உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கேளுங்கள். அந்தக் கலத்தை 2025 தொடக்கத்தில் நீரில் இறக்கிச் சோதித்தது எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில்.

இயற்பியல்காரர் கடலுக்குள் மூக்கை நுழைப்பது புதிதுமல்ல. 1921-ல் கப்பலில் ஊர் திரும்பிய சி.வி. ராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தை நிக்கல் பட்டகம் வழியாகப் பார்த்து, அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமல்ல, நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதியது உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லி முடித்தபோது மணி ஐந்து. அவள் கடைசிப் பேருந்து பற்றிக் கவலைப்பட ஆரம்பித்திருந்தாள்.

கடல் இல்லாத ஊர்க்காரர்கள்

மறுநாள் அவள் கொண்டு வந்த சந்தேகம் வேறு. "கடலோரத்துப் பிள்ளைங்க நிறைய பேர் போடுவாங்க. நான் கடலையே நாலு தடவைதான் பார்த்திருக்கேன் சார்."

வால்டர் மங்க் என்று ஒருவர் இருந்தார். 1917-ல் ஆஸ்திரியாவின் வியன்னாவில் பிறந்தவர். ஆஸ்திரியாவின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், கடற்கரையே கிடையாது. அவரை வங்கித் தொழிலுக்குப் பழக்க வேண்டும் என்று வீட்டார் அமெரிக்கா அனுப்பினார்கள். வங்கி அவருக்குப் பிடிக்கவில்லை. கலிபோர்னியாவில் இயற்பியல் படித்தார். 1939 கோடை விடுமுறையில் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் வேலைக்குப் போனார். கடல் மீது கொண்ட காதலால் அல்ல. தோழி ஒருத்தி அந்த ஊருக்கு வந்திருந்தாள் என்பதை அவரே பிற்காலத்தில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அங்கேயே ஆராய்ச்சி மாணவராகச் சேர அனுமதி கேட்டபோது, இயக்குநராக இருந்த நார்வே நாட்டு அறிஞர் ஸ்வெர்ட்ரப், அடுத்த பத்து ஆண்டுகளில் இந்தத் துறையில் ஒரு வேலைகூடக் காலியாகும் என்று தனக்குத் தோன்றவில்லை என்றாராம். மங்க் பின்வாங்கவில்லை. சில ஆண்டுகளிலேயே இரண்டாம் உலகப் போரில், படைகள் கரையிறங்கும் நாளில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் முறையை இருவரும் சேர்ந்து உருவாக்கினார்கள். 1944-ல் நார்மண்டியில் கரையிறங்கியபோது அந்த முறை பயன்பட்டது. 2019-ல் 101 வயதில் மறையும்வரை அவர் கடலையே ஆராய்ந்தார்.

அது வெளிநாடு என்பீர்கள். நம் நாட்டிலேயே அதிதி பந்த் இருக்கிறார். பிறந்தது நாக்பூரில். கடலை விட்டு வெகுதூரத்தில் இருக்கும் ஊர்! பட்டப்படிப்பு முடித்த காலத்தில் அலிஸ்டர் ஹார்டி எழுதிய 'தி ஓப்பன் சீ' என்ற நூல் அவர் கைக்குக் கிடைத்தது. படித்தார். விண்ணப்பித்தார். அமெரிக்க அரசின் உதவித்தொகை பெற்று ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியலில் முதுகலை, பிறகு லண்டனில் முனைவர் பட்டம். திரும்பி வந்து கோவாவில் தேசிய கடலியல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1983-ல் புறப்பட்ட மூன்றாவது இந்திய அண்டார்டிகா பயணத்தில், நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தாவோடு அண்டார்டிகாவில் கால் வைத்த முதல் இந்தியப் பெண்கள் ஆனார்கள்.

அந்தத் தேசிய கடலியல் நிறுவனம் பிறந்ததும் சுவையான கதை. 1960-களின் முதல் பாதியில் பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தன. நம்மிடம் அப்போது கப்பலும் குறைவு, ஆளும் குறைவு. அந்த ஆய்வு முடிந்த கையோடு, 1966 ஜனவரி 1 அன்று நிறுவனம் தொடங்கியது. முதல் இயக்குநர் என்.கே. பணிக்கர். நம் பக்கத்தில் அதற்கும் முன்பே, 1961-ல், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் கடல் உயிரியல் நிலையத்தை அமைத்துவிட்டது. பேராசிரியர் ஆர்.வி. சேஷையாவின் உழைப்பு அது.

வாசல்களும் தேதிகளும்

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். இங்கேதான் நம் பிள்ளைகள் தோற்கிறார்கள். மதிப்பெண்ணில் அல்ல, தேதியில், சான்றிதழில்.

கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியலுக்கென்றே தனிப் பள்ளி உண்டு. கடலியல், வானிலையியல், நீர்வேதியியல், கடல் நிலவியல், கடல் புவி இயற்பியல், கடல் உயிரியல் என்று தனித்தனி எம்.எஸ்சி.கள். அதற்கு அந்தப் பல்கலைக்கழகமே நுழைவுத் தேர்வு வைக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் விண்ணப்பம், கோடையில் தேர்வு. கோவா பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியல் எம்.எஸ்சி. இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் எம்.எஸ்சி. நடப்பது அந்தமானில், போர்ட் பிளேர் வளாகத்தில். அதற்கு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் எழுத வேண்டும். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியலும் கடலியலும் சேர்ந்த எம்.எஸ்சி. விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் வானிலையியலுக்கும் கடலியலுக்கும் துறை இருக்கிறது. தெலுங்கு தெரிந்த எல்லைப்புறப் பிள்ளைகள் அதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு வழி சுற்று வழி. ஆனால் உறுதியான வழி. இயற்பியலிலோ கணிதத்திலோ எம்.எஸ்சி. முடித்துவிட்டு, அதன்பின் கடலுக்குத் திரும்பலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வளிமண்டல, கடல் அறிவியல் மையம் இருக்கிறது. அங்கே முனைவர் பட்டத்துக்கு இயற்பியல்காரர்களும் போகிறார்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' தேர்வு. இதற்கு விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில், தேர்வு பிப்ரவரியில். கவனியுங்கள்: மூன்றாம் ஆண்டு தொடங்கிச் சில மாதங்களிலேயே விண்ணப்பம் முடிந்துவிடுகிறது! என் மாணவி என் அறைக்கு வந்தது ஜனவரியில். அந்த வாசல் மூன்று மாதங்களுக்கு முன்பே சாத்தியாகிவிட்டது. அவளிடம் அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் அவளுக்கு வகுப்பு எடுத்தவன் நான்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன், பி.எஸ்சி. முடிக்கும் சமயம், எனக்கும் கடலியல் படிக்கும் ஆசை வந்தது. அப்போதெல்லாம் விண்ணப்பத்தோடு வங்கி வரைவோலை எடுத்து அனுப்ப வேண்டும். எந்த ஊரில் மாற்றத்தக்கது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். நான் பழக்கதோஷத்தில் சென்னை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பல்கலைக்கழகம் இருந்தது வேறு மாநிலத்தில். பதினைந்து நாள் கழித்து உறை அப்படியே திரும்பி வந்தது; அதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அடுத்த ஆண்டு மறுபடி போட்டிருக்கலாம். போடவில்லை. உள்ளூரிலேயே எம்.எஸ்சி. சேர்ந்துவிட்டேன். இன்று வரைவோலை கிடையாது, எல்லாம் இணையவழி. ஆனாலும் அதே தவறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

எப்படியென்றால், சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று வாங்கி வைத்திருக்கும் சான்றிதழ் மத்திய நிறுவனங்களுக்குச் செல்லாது. மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருந்தால், ஓ.பி.சி. சான்றிதழ் என்று தனியாக, அவர்கள் கேட்கும் படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்ற குறிப்போடு வாங்க வேண்டும். அதுவும் அந்த நிதியாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். பொதட்டூர்பேட்டைக்காரர்கள் இ-சேவை மையத்தில் பதிந்தால் பள்ளிப்பட்டு வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். கடைசி வாரத்தில் போய் நின்றால் நடக்குமா?

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, கல்லூரியில் முன்னெழுத்து முன்னால். என் மாணவியின் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக இருந்தது. எல்லைப்புறத்தில் தெலுங்கிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன பெயருக்கும் தமிழிலிருந்து போன பெயருக்கும் எழுத்துக்கூட்டு வேறுபடுவதும் உண்டு. சிரிக்காதீர்கள், உங்கள் தாள்களை இன்றே எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாயத் தொட்டியில் வங்காள விரிகுடா

சில நிறுவனங்களும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும், 'ஏன் இந்தப் படிப்பு?' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கின்றன. நேர்முகத்திலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஆகவே ஒரு பக்கம் எழுதி வா என்றேன். அவள் கொண்டு வந்த தாள் இப்படித் தொடங்கியது: கடல் அன்னையின் எல்லையற்ற மடியில் மறைந்துள்ள ரகசியங்கள் சிறுவயது முதலே என்னை ஈர்த்தன.

"நாலு தடவைதான் பார்த்தேன்னு சொன்னியேம்மா?"

சிரித்துவிட்டாள். பிறகு, உண்மையில் எதனால் இந்த எண்ணம் வந்தது என்று கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டு, நான் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவள் அப்பாவுக்கு இரண்டு தறிகள். பெரியப்பா வீட்டில் நூலுக்குச் சாயம் போடுவார்கள். பருத்தி நூலில் சாயம் நன்றாக ஏற, தொட்டியில் உப்புப் போடுவது வழக்கம். ஒருநாள் வேலை முடிந்த தொட்டியின் அடியில் மிச்சமிருந்த சாய நீரின் மேல் யாரோ மெதுவாகக் குழாயைத் திறந்து விட்டிருக்கிறார்கள். காலையில் பார்த்தால் அடியில் சிவப்பு, மேலே தெளிந்த தண்ணீர், நடுவே கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. தொட்டியின் ஓரத்தைத் தட்டினால் மேல்மட்டத்தில் சின்ன அலை வந்து உடனே அடங்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் கோடு மட்டும் நிதானமாக, பெரிதாக, எழுந்து தாழ்ந்துகொண்டே இருக்கிறது. ஏன் அது மட்டும் அவ்வளவு மெதுவாக ஆடுகிறது? இந்தக் கேள்வியோடு அவள் ஓராண்டு அலைந்திருக்கிறாள்.

2021 நவம்பர் மழையில் பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலங்கள் மூழ்கின. ஆந்திராவில் உள்ள கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் அந்த நீர் இவ்வழியாகத்தான் வந்து, பூண்டி ஏரியை அடைந்து, கடைசியில் எண்ணூரில் கடலில் கலக்கிறது. அந்த வெள்ளத்தைப் பார்த்தபோது அவளுக்கு இன்னொன்று தோன்றியதாம்: 'இந்த நல்ல தண்ணி கடல்ல போய் உடனே கலந்துடுமா, இல்ல சாயத் தொட்டி மாதிரி மேலேயே நிக்குமா?'

நண்பர்களே, இந்தக் கேள்விதான் வங்காள விரிகுடாவைப் பற்றி ஆராய்ச்சிக் கப்பல்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி! கடல்நீரில் சராசரியாகக் கிலோவுக்கு 35 கிராம் உப்பு. அரபிக்கடலின் மேற்பரப்பில் 36 கிராம் அளவுக்கு இருக்கும். வங்காள விரிகுடாவின் வடபகுதியிலோ, மழைக்காலம் முடிந்தபின் 30-க்கும் கீழே இறங்கிவிடும். காரணம் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, நம் மகாநதி, கோதாவரி எல்லாம் கொண்டு வந்து கொட்டும் நன்னீர். அது கனம் குறைந்தது. மேலே மெல்லிய விரிப்புப் போலப் பரவுகிறது. காற்று எவ்வளவு அடித்தாலும் அடியிலுள்ள குளிர்ந்த உப்புநீரை மேலே கலக்கிவிட முடிவதில்லை. ஆகவே மேற்பரப்பு சூடாகவே இருக்கிறது. சூடான மேற்பரப்பு யாருக்குப் பிடிக்கும்? புயலுக்கு! வங்காள விரிகுடாவில் அரபிக்கடலைவிட அதிகமாகப் புயல்கள் உருவாகும் காரணங்களில் இதுவும் ஒன்று.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் பாதியளவு சாதாரண நீர். தனியாக ஒரு தம்ளர் நீரில் மூன்று தேக்கரண்டி உப்பைக் கரைத்து, இரண்டு சொட்டு மை விடுங்கள். உறிஞ்சு குழாயையோ சிறு புனலையோ பாத்திரத்தின் அடிவரை செருகி, உப்பு நீரை மிக மெதுவாக ஊற்றுங்கள். அவசரப்பட்டால் எல்லாம் கலந்து மை நீர்தான் மிஞ்சும். அடியில் நீல அடுக்கு அமைந்ததும் மேலே விசிறியால் வீசுங்கள். மேல் நீர் அலைபாயும். நீலம் அசைந்து கொடுக்குமே தவிர எளிதில் கலக்காது. பாத்திரத்தை ஒருபுறம் மெல்லத் தூக்கி இறக்கினால், நீலக்கோட்டில் அந்த நிதானமான அலையைக் காண்பீர்கள். நீருக்கும் காற்றுக்கும் கன வேறுபாடு ஏறத்தாழ 800 மடங்கு. உப்பு நீருக்கும் நல்ல நீருக்கும் இடையே சில சதவீதம்தான். மீண்டும் பழைய நிலைக்கு இழுக்கும் விசை அந்த அளவுக்குக் குறைவு. அதனால்தான் ஆட்டம் மெதுவாக இருக்கிறது. கடலிலும் இதேதான். இவற்றை உள்ளலைகள் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாமல் பத்து மாடிக் கட்டடம் அளவுக்கும் எழும்.

கடல் அன்னை தாளைக் கிழித்துப் போட்டோம். சாயத் தொட்டியை எழுதச் சொன்னேன். அரைப் பக்கம்தான் வந்தது. போதும் என்றேன்.

அப்பாவின் கேள்வி

மார்ச்சில் அவள் அப்பா கல்லூரிக்கு வந்தார். வேட்டியில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. "உட்காருங்க ஐயா" என்றேன், நின்றபடியே பேசினார்.

"சார், நீங்க சொன்னா படிக்க வைக்கிறேன். ஆனா முடிச்சா வேலை உண்டா? பொண்ணைக் கேரளாவுக்கு அனுப்பிட்டு நான் இங்க தறியில உக்காந்துட்டு என்ன பதில் சொல்றது?"

ஸ்வெர்ட்ரப் மங்குக்குச் சொன்ன பதில் என் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்ல முடியுமா? பொய் சொல்லவும் மனமில்லை. கடலியலில் வேலைகள் பொறியியல்போல ஆயிரக்கணக்கில் இல்லை என்று சொன்னேன். எம்.எஸ்சி.யோடு நின்றால் வாய்ப்பு குறைவு. நெட் தேர்வில் புவி, வளிமண்டல, கடல் அறிவியல்கள் ஒரே தாளாக இருக்கின்றன. அதில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. இது 2023 தொடக்கத்திலிருந்து உள்ள தொகை. ஆண்டுக்கு இரண்டு முறை எழுதலாம். அது கிடைத்துவிட்டால் முனைவர் பட்டம்வரை வீட்டுக் காசு தேவைப்படாது. கிடைக்காவிட்டால் இயற்பியல் தெரிந்த பெண், பி.எட். படித்து ஆசிரியராகலாம். இவ்வளவுதான் சொன்னேன்.

அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு, "ரெண்டு தறியில ஒண்ணை நிறுத்த வேண்டி வராதில்ல?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கல்விக் கடன் பற்றி வங்கியில் விசாரிப்போம் என்றேன். போனோம்.

கொச்சித் தேர்வைச் சென்னையில் எழுதினாள். கணிதம் சரியாகச் செய்யவில்லை என்று அழுதாள். பட்டியல் வந்தபோது பெயர் காத்திருப்பில். ஜூன் போயிற்று. உள்ளூரில் எம்.எஸ்சி. இயற்பியலுக்கு ஓர் இடத்தைப் பிடித்து வைத்தோம். இது முக்கியம், ஒரே கயிற்றில் தொங்காதீர்கள். ஜூலையில், மூன்றாவது சுற்றில், இடம் கிடைத்தது. சேர மூன்று நாள் அவகாசம். ஓ.பி.சி. சான்றிதழும் பெயர் திருத்திய தாள்களும் ஏப்ரலிலேயே தயாராக இருந்ததால் இரவு ரயிலில் அப்பாவும் மகளும் கிளம்பிப் போக முடிந்தது. ஒரு தறியை நிறுத்தினார்களா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

பள்ளியில் படிக்கும் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்துப் பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போதே கடலின் சில வாசல்கள் திறக்கின்றன, சில மூடுகின்றன. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் உள்ள குரூப் எடுத்தால் நான்கு வாசலும் திறந்திருக்கும். கணிதத்தை விட்டால் இயற்பியல் கடலியல் எட்டாது. உயிரியலை விட்டால் கடல் உயிரியலும் மீன்வளமும் எட்டா. பி.எஸ்சி.யில் இயற்பியல் எடுப்பவர்கள் துணைப்பாடமாகக் கணிதம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தகுதி விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விவரக் குறிப்பேட்டை நீங்களே படியுங்கள், என்னைப் போன்ற வாத்தியார் சொல்வதை மட்டும் நம்பாமல்.

சென்ற மழைக்காலத்தில் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. கொச்சி உப்பங்கழியில் படகிலிருந்து கருவியை இறக்கி, ஆழம் ஆழமாக உப்பையும் வெப்பத்தையும் அளந்து, வரைபடத் தாளில் போட்டிருந்தாள். மேலே உப்பு மிகக் குறைவு. ஓர் ஆழம் வந்ததும் கோடு சட்டென்று வலப்பக்கம் தாவுகிறது. அந்தத் தாவலுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'சாயத் தொட்டி' என்று எழுதியிருந்தாள். கீழே ஒரு கேள்வி: காலையில் அளந்தபோதும் மாலையில் அளந்தபோதும் அந்தக் கோடு ஒரே ஆழத்தில் இல்லையே சார், கடல் ஏறும்போது அது மேலே வருமா, கீழே போகுமா? நான் இன்னும் பதில் எழுதவில்லை. உங்களில் யாருக்காவது தோன்றினால், கண்ணாடிப் பாத்திரத்தில் செய்து பார்த்து எழுதுங்கள்.